ஊருக்குப் போகாத விடுமுறை: ஓவியக் கூடங்களில் ஒரு மும்பைத் தம்பதி

மும்பையில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு விடுமுறை என்றால் ஊர்ப் பயணம்தான். மே மாதம் பிறப்பதற்கு வெகு நாள் முன்பே ரெயில் டிக்கெட்டுக்கு அலைச்சல் தொடங்கிவிடும். டிக்கெட் கிடைத்தவர்கள் மூட்டை முடிச்சோடு கிளம்புவார்கள். கிடைக்காதவர்கள் வீட்டிலேயே முடங்கிக் கிடப்பார்கள். இருபது, முப்பது ஆண்டுகளாக இந்த நகரத்திலேயே வாழ்ந்தும், இங்கே பார்க்க வேண்டியவை என்ன இருக்கின்றன என்று யோசிக்க நேரமில்லாதவர்களே அதிகம்.

சயானில் குடியிருக்கும் ஒரு தம்பதிக்கும் அப்படித்தான் ஆயிற்று. கணவர் கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் 22 ஆண்டுகளாகக் குமாஸ்தா. இருவருக்கும் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். பிள்ளைகள் மாமாவோடு முன்கூட்டியே ஊருக்குப் போய்விட்டார்கள். இவர்கள் இருவருடைய டிக்கெட்டும் காத்திருப்போர் பட்டியலிலேயே நின்றுவிட்டது. அடுத்து கிடைத்த டிக்கெட் நான்கு நாள் கழித்து. லீவு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. பிள்ளைகள் இல்லாத வீட்டில் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு எத்தனை நேரம் உட்கார்ந்திருப்பது?

"நீங்க தினமும் போற ஊரை நான் ஒரு நாளாவது பார்க்கணும்" என்றார் மனைவி. அவர் ஊர் என்று சொன்னது, கணவரின் அலுவலகம் இருக்கும் தென் மும்பையை!

மறுநாள் காலை புளியோதரையைக் கட்டிக்கொண்டு இருவரும் வி.டி. நிலையத்தில் இறங்கினார்கள். இப்போது அதன் பெயர் சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ். பழகிய வாய்க்கு இன்னமும் வி.டி.தான். ஹுதாத்மா சவுக் வழியாக மெதுவாக நடந்தால் இருபது நிமிடத்தில் காலா கோடா வந்துவிடும்.

ராஜா இல்லாத குதிரை

காலா கோடா என்றால் கறுப்புக் குதிரை. ஆங்கிலேயர் காலத்தில் இங்கே ஏழாம் எட்வர்டு குதிரை மீது அமர்ந்திருக்கும் கரிய சிலை ஒன்று நின்றது. ஆல்பர்ட் சசூன் என்ற செல்வர் நகரத்துக்குக் கொடுத்தது அது. ராஜாவின் பெயரை மக்கள் மறந்துவிட்டார்கள். குதிரையின் நிறம்தான் வட்டாரத்தின் பெயராக நிலைத்தது. 1965-ல் சிலையைப் பெயர்த்து பைகுல்லாவில் உள்ள உயிரியல் பூங்காவுக்குக் கொண்டுபோனார்கள். குதிரை போன பிறகும் பெயர் போகவில்லை. 2017-ல் இங்கே புதிதாக ஒரு கறுப்புக் குதிரையை நிறுத்தினார்கள். இந்தக் குதிரையின் முதுகில் யாரும் இல்லை!

இந்தக் குதிரையைச் சுற்றி ஒரு சிறு நடைத் தொலைவுக்குள்தான் மும்பையின் ஓவிய உலகம் அடங்கியிருக்கிறது. ஜஹாங்கீர் ஆர்ட் காலரி, தேசிய நவீன ஓவியக் கூடம், பழைய பிரின்ஸ் ஆப் வேல்ஸ் மியூசியம், தனியார் காலரிகள், நடைபாதை ஓவியர்கள் எல்லாம் இங்கே உண்டு. 1999 முதல் காலா கோடா கலை விழாவும் இங்கே நடந்து வருகிறது.

வாசலில் ஒரு தயக்கம்

கணவர் ஜஹாங்கீர் காலரி வாசலை நூற்றுக்கணக்கான தடவை கடந்து போயிருக்கிறார். கையில் அலுவலகக் கவர் இருக்கும், மனதில் அடுத்த வேலை இருக்கும். உள்ளே ஒரு தடவையும் போனதில்லை. அது பணக்காரர்களும் படித்தவர்களும் போகிற இடம் என்று அவரே முடிவு செய்துவிட்டார்.

வாசலில் மனைவியும் தயங்கி நின்றார். "என்னங்க, டிக்கெட்டு எவ்வளவு இருக்கும்?"

"அதெல்லாம் கேட்டு வச்சுட்டேன். சும்மாதான். வா."

ஆம், இந்தக் காலரிக்குள் நுழைய காசு வேண்டாம். யாரும் எதுவும் கேட்பதில்லை. செருப்பையும் கழற்ற வேண்டியதில்லை.

இந்தக் காலரி 1952-ல் திறக்கப்பட்டது. அதற்கு முன் பம்பாய் ஓவியர்களுக்குத் தங்கள் படங்களை மக்கள் பார்க்கும்படி மாட்டிவைக்கத் தகுந்த இடம் இல்லை. ஓவியர் கே. கே. ஹெப்பாரும், அணு விஞ்ஞானி ஹோமி பாபாவும் ஊக்கம் கொடுக்க, பார்சி செல்வர் சர் கவாஸ்ஜி ஜஹாங்கீர் கட்டிடத்துக்குப் பணம் கொடுத்தார். இறந்துபோன தம் மகன் ஜஹாங்கீரின் நினைவாக அந்தப் பெயரை வைத்தார். இந்தக் குடும்பத்துக்கு ஒரு காலத்தில் 'ரெடிமணி' என்றே பெயர். கேட்ட உடனே கடன் கொடுக்கப் பணத்தோடு தயாராக இருந்ததால் வந்த பட்டப் பெயர் அது!

பார்த்ததும் பிடிபட்ட பிழை

ஜஹாங்கீர் காலரியின் கூடங்களை ஓவியர்கள் வாடகைக்கு எடுத்துக் காட்சி வைக்கிறார்கள். ஒரு காட்சி பெரும்பாலும் ஒரு வாரம்தான். இந்த வாரம் பார்த்தது அடுத்த வாரம் இருக்காது. இடம் கிடைக்க ஓவியர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதும் உண்டு. காத்திருப்போர் பட்டியல் ரெயிலுக்கு மட்டும் உரியதல்ல!

அன்று ஒரு கூடத்தில் தமிழ் இளைஞர் ஒருவரின் கல் அச்சுப் படங்கள் மாட்டப்பட்டிருந்தன. கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் படித்தவர். தமிழ்க் குரல் காதில் விழுந்ததும் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார்.

"ஊர்லேர்ந்து வர்றீங்களா அக்கா?"

"இல்ல தம்பி. ஊருக்குப் போக முடியாம வந்திருக்கோம்."

மனைவிக்கு அந்தப் படங்கள் புதியவை அல்ல. அவருடைய தந்தை சிவகாசியில் அச்சகத் தொழிலாளி. முதலில் லித்தோ, பிறகு ஆப்செட். சிறு வயதில் தந்தைக்குச் சாப்பாடு கொண்டுபோய் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று பார்த்து வளர்ந்தவர்.

கல் அச்சு என்பது என்ன? வழவழப்பாகத் தேய்த்த கல்லின் மேல் எண்ணெய்ப் பசை உள்ள மையால் படம் வரைவார்கள். கல்லை நீரால் நனைத்து, அதன் மேல் மையை உருட்டினால், ஈரமான இடம் மையைத் தள்ளிவிடும். வரைந்த கோடு மட்டும் மையைப் பிடித்துக்கொள்ளும். அதன் மேல் காகிதத்தை வைத்து அழுத்தினால் படம். ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு தனிக் கல். மூன்று வண்ணம் என்றால் அதே காகிதம் மூன்று தடவை போய் வர வேண்டும். ஒரு மயிரிழை விலகினாலும் படம் கெட்டுவிடும்.

மனைவி ஒரு படத்தின் அருகே போய்ச் சற்றுக் குனிந்து பார்த்தார். "சிவப்பு கொஞ்சம் கீழே இறங்கியிருக்கே தம்பி" என்றார்.

இளைஞர் திகைத்துப் போனார். பிறகு சிரித்துவிட்டார். நான்கு நாளாகக் காட்சி நடக்கிறதாம். வாங்க வந்தவர்கள், எழுத வந்தவர்கள், பெரிய ஓவியர்கள் என்று பலர் வந்து போனார்களாம். அந்தச் சிவப்பைக் கண்டுபிடித்தவர் அவர் ஒருவர்தான்!

பத்தே பிரதிகள்

படத்தின் அடியில் பென்சிலால் '3/10' என்று எழுதியிருந்தது. கணவர் அது என்ன கணக்கு என்று கேட்டார். மொத்தம் 10 பிரதிகள் மட்டுமே அச்சடிப்பார்கள், இது மூன்றாவது பிரதி என்று இளைஞர் விளக்கினார். அதற்கு மேல் அடிப்பதில்லை. அதனால்தான் விலை. ஒவ்வொன்றிலும் ஓவியரின் கையெழுத்து உண்டு.

"எங்கப்பா ஆயிரக் கணக்குல அடிப்பாரு" என்றார் மனைவி. "காலண்டர்ல கடைக்காரர் பேரு இருக்கும். பிரஸ் பேரு இருக்கும். வரைஞ்சவரு கையெழுத்தும் இருக்கும். எங்கப்பா பேரு எதுலயும் இருந்ததில்ல."

இது ஒரு குடும்பத்தின் கதை மட்டும் அல்ல. நம் வீடுகளின் பூஜை அறைப் படங்களுக்கும் மும்பைக்கும் பழைய தொடர்பு உண்டு. ராஜா ரவிவர்மா 1894-ல் பம்பாயில்தான் அச்சகம் தொடங்கினார். அரண்மனைகளில் மாட்டியிருந்த லட்சுமியும் சரஸ்வதியும் கல் அச்சு வழியாகத்தான் ஏழை வீட்டுச் சுவருக்கு வந்து சேர்ந்தார்கள். சில ஆண்டுகளில் அந்த அச்சகம் லோனாவாலா அருகே மாற்றப்பட்டது. பின்னர் ஒரு ஜெர்மானியர் கைக்குப் போயிற்று.

தமிழ்நாட்டில் அதே வேலையைச் செய்தவர் சி. கொண்டையராஜு (1898-1976). சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை வரைந்துகொண்டு வந்தவர், கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசியில் அச்சாகி நாடெங்கும் போயின. தாராவியில் இருந்தாலும் மாட்டுங்காவில் இருந்தாலும் தமிழர் வீட்டுக் காலண்டரில் அந்தச் சாயல் இருக்கும். அந்தப் படங்களை வரைந்தவர்களைப் பற்றி இன்று புத்தகங்களில் எழுதுகிறார்கள். வண்ணம் விலகாமல் அச்சடித்த கைகளைப் பற்றி எழுத யாரும் இல்லை.

வாசலருகே மேஜையில் ஒரு நோட்டு இருந்தது. பார்க்க வந்தவர்கள் தங்கள் கருத்தை எழுதும் நோட்டு. பெரும்பாலும் ஆங்கிலம், இடையிடையே மராத்தி, இந்தி. "நீங்களும் எழுதுங்க அக்கா" என்று இளைஞர் பேனாவைக் கொடுத்தார்.

மனைவி வெகு நேரம் யோசித்தார். பிறகு தமிழில் எழுதினார். படங்களைப் பற்றி ஒரு வரி. அதன் கீழே தம் தந்தையின் பெயர், 'லித்தோ அச்சுத் தொழிலாளி, சிவகாசி' என்று ஒரு வரி. தம் பெயரை எழுதவில்லை.

கார் துடைத்தவர் ஓவியரானார்

ஓவியம் பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் பம்பாய் ஓவியர்களின் வரலாற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கே. எச். ஆரா என்பவர் செகந்திராபாத் அருகே பொலாரத்தில் ஒரு டிரைவரின் மகனாகப் பிறந்தவர். சிறு பையனாக இருக்கும்போதே வீட்டை விட்டுப் பம்பாய்க்கு ஓடி வந்தார். கார் துடைத்தார். வீட்டு வேலை செய்தார். உப்புச் சத்தியாக்கிரகத்தில் சேர்ந்து சிறைக்கும் போனார். கிடைத்த நேரத்தில் வரைந்தார். பூச்சாடிகளும் பழங்களும் அவர் தூரிகையில் உயிர் பெற்றன. 1985-ல் அவர் இறந்தபோது நாடறிந்த ஓவியர்.

எம். எப். ஹுசேன் இதே பம்பாயில் சினிமா பேனர் வரைந்து பிழைத்தவர். சாரத்தின் மேல் நின்று நடிகர், நடிகைகளின் முகங்களை வரைந்த அந்தக் கைதான் பிற்காலத்தில் கோடிக்கணக்கில் விலை போன குதிரைகளை வரைந்தது. 1947-ல் எப். என். சோசா முன்னின்று தொடங்கிய முற்போக்கு ஓவியர் குழுவில் ஆரா, ஹுசேன், ரசா, காடே, பாக்ரே ஆகியோர் இருந்தார்கள்.

அவர்களுடைய படங்களுக்கு இடம் கொடுத்தவர்களில் ஒருவர் கேக்கு காந்தி. படங்களுக்குச் சட்டம் செய்யும் தொழில் நடத்தியவர். 'கெமிக்கல் மோல்டிங்' என்ற அந்தத் தொழிலின் பெயரே சுருங்கி 'கெமோல்ட்' ஆயிற்று. 1963-ல் ஜஹாங்கீர் கட்டிடத்தின் மாடியில் கெமோல்ட் காலரி தொடங்கியது. 2007-ல் அது கோட்டைப் பகுதியிலேயே பிரெஸ்காட் சாலைக்கு இடம் மாறியது. சட்டம் அடிக்கும் பட்டறையிலிருந்து பிறந்த காலரி என்றால் மிகையில்லை.

தமிழகத்துக்கும் இதில் பங்கு உண்டு என்றார் கும்பகோணத்து இளைஞர். கோவையில் பிறந்த கே. சி. எஸ். பணிக்கர் 1966-ல் சென்னைக்கு அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியதைச் சொன்னார். ஆதிமூலத்தின் பெயரைச் சொன்னதும் கணவரின் முகம் மலர்ந்தது. கி. ராஜநாராயணன் ஜூனியர் விகடனில் எழுதிய 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்குப் படம் போட்டவர் அல்லவா? அந்தக் கோடுகளை வாராவாரம் பார்த்திருக்கிறார். வரைந்தவர் இவ்வளவு பெரியவர் என்று அன்றுதான் தெரிந்துகொண்டார்.

விஷயம் எழுதாத கோப்பு

ஜஹாங்கீர் காலரியின் பக்கவாட்டில் ஒரு காலத்தில் 'சமோவார்' என்ற சிற்றுண்டிச் சாலை இருந்தது. ரெயில் பெட்டி போல நீளமான இடம். காசில்லாத ஓவியர்களும் மாணவர்களும் ஒரு தேநீரை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பார்கள். 1964-ல் தொடங்கி 2015-ல் மூடப்பட்டது. தம்பதிக்கு அந்தக் கவலை இல்லை. ஓவல் மைதானத்தின் ஓரத்தில், மர நிழலில், புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். எதிரே பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். மணி பார்க்காமல் சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று என்று கணவர் கேட்டார்.

பிற்பகலில் தேசிய நவீன ஓவியக் கூடம். ரீகல் சினிமாவுக்கு எதிரே உள்ள இந்தக் கட்டிடமும் ஜஹாங்கீர் குடும்பத்தின் கொடையே. 1911-ல் பொது மண்டபமாகக் கட்டப்பட்டது. கச்சேரிகளும் பொதுக்கூட்டங்களும் நடந்த இடம். பிறகு கவனிப்பாரற்றுக் கிடந்து, 1996-ல் ஓவியக் கூடமாகத் திறக்கப்பட்டது. அரைவட்ட மாடங்களில் படங்களைப் பார்த்தபடியே படியேறிக்கொண்டு போனால் கடைசியில் குவிமாடத்தின் அடியில் போய் நிற்கலாம்.

குமாஸ்தா வேலை கணவருக்கு ஒரு பழக்கத்தைக் கொடுத்திருந்தது. படத்தைப் பார்ப்பதற்கு முன் பக்கத்தில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். ஓவியர் பெயர், ஆண்டு, அளவு எல்லாம் சரிபார்த்த பிறகே படம். மனைவி நேர் எதிர். முதலில் படம், பிடித்திருந்தால் மட்டும் சீட்டு.

ஒரு பெரிய படத்தின் சீட்டில் 'தலைப்பு இல்லை' என்று இருந்தது. உருவம் எதுவும் தெரியவில்லை. பழுப்பும் சாம்பலும் கலந்த பரப்பு, நடுவே ஒரு காவிக் கோடு. "விஷயம் எழுதாத கோப்பு மாதிரி இருக்கு. இதை எந்த அலமாரியில வைக்கிறது?" என்றார் கணவர்.

"படிக்காம பாருங்களேன்" என்றார் மனைவி.

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சற்றுத் தள்ளி நின்று பார்த்தார். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். "டாக்குல மழையில நனைஞ்சு துருப்பிடிச்ச இரும்புத் தகடு இப்படித்தான் இருக்கும்" என்றார் மெதுவாக. துறைமுகத்துக்குக் கையெழுத்து வாங்கப் போகும்போது 22 ஆண்டுகளாகப் பார்த்த தகடுகள். அவற்றை அழகு என்று அவர் ஒரு நாளும் நினைத்ததில்லை. ஓவியர் அதைத்தான் வரைந்தாரா என்பது வேறு விஷயம். அவர் பார்த்தது அதைத்தான்.

நடைபாதைக் காலரி

வெயில் தாழ்ந்ததும் வெளியே வந்தார்கள். ஜஹாங்கீர் காலரிக்கு வெளியே, நடைபாதையிலும் ஒரு காலரி உண்டு. கூடத்துக்கு வாடகை கொடுக்க முடியாதவர்களும், முறை வருவதற்குக் காத்திருப்பவர்களும் இங்கே படங்களைச் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளையார், மழைக்கால மும்பை, கோலி மீனவப் பெண்கள், குதிரைகள். விலையில் பேரம் உண்டு. எதிரே உட்கார்ந்தால் முகத்தை வரைந்து கொடுப்பவர்களும் உண்டு.

மனைவியை உட்காரச் சொன்னார் கணவர். அவர் கூச்சப்பட்டார். பிறகு தலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். பென்சில் பதினைந்து நிமிடத்தில் முகத்தைக் காகிதத்தில் கொண்டுவந்தது. மூக்குத்தி மட்டும் இடம் மாறி வலப்பக்கம் இருந்ததை இடப்பக்கம் போட்டுவிட்டார் ஓவியர். மனைவி அதைச் சுட்டிக்காட்ட, ரப்பரால் அழித்துத் திருத்தினார். "கையெழுத்துப் போடச் சொல்லுங்க" என்றார் மனைவி. இந்த வேண்டுகோள் அந்த ஓவியருக்குப் புதியதாக இருந்திருக்க வேண்டும். காகிதத்தை மடியில் வைத்து, தேதியும் போட்டு, அழுத்தமாகக் கையெழுத்திட்டுக் கொடுத்தார்.

போக விரும்புவோருக்கு

ஜஹாங்கீர் ஆர்ட் காலரி காலை 11 மணி முதல் மாலை 7 மணி வரை. அனுமதி இலவசம். தேசிய நவீன ஓவியக் கூடத்துக்குச் சிறு கட்டணம் உண்டு. திங்கட்கிழமை விடுமுறை. படங்களைத் தொடக் கூடாது. போட்டோ எடுப்பதானால் முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. ஓவியர் பக்கத்தில் இருந்தால் தயங்காமல் பேசலாம். விலை கேட்டால் வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பிள்ளைகளோடு போகிறவர்கள் பக்கத்திலேயே உள்ள சத்ரபதி சிவாஜி மகராஜ் வாஸ்து சங்கிரகாலயத்துக்கு அரை நாள் ஒதுக்க வேண்டும். இதுதான் பழைய பிரின்ஸ் ஆப் வேல்ஸ் மியூசியம். 1905-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. முதல் உலகப் போரின்போது ராணுவ மருத்துவமனையாக இருந்துவிட்டு, 1922-ல்தான் மியூசியமாகத் திறக்கப்பட்டது. இங்கே உள்ள சிற்றோவியங்கள் கைக்குட்டை அளவுதான் இருக்கும். அதில் ஓர் அரண்மனையே அடங்கியிருக்கும்! நுழைவுக் கட்டணம் உண்டு.

வி.டி.யிலிருந்தும் சர்ச்கேட்டிலிருந்தும் நடந்தே போகலாம். மும்பையில் உழைக்கும் தமிழர்களில் பல்லாயிரம் பேர் தினமும் இந்த இரு நிலையங்களில் இறங்கி அலுவலகங்களுக்கு நடக்கிறார்கள். சாப்பாட்டு இடைவேளையில் ஒரு கால்மணி நேரம் ஒதுக்கினாலே ஒரு கூடத்தைப் பார்த்துவிடலாம். வாசலில் பெயர் கேட்க ஆள் இல்லை. உள்ளே போனால், பெயர் எழுதிவிட்டு வர நோட்டு உண்டு.